வீட்டிலுள்ள பல மீடியா சேர்வர்களை ஒரே மெஷினுக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. ஒரே மெஷினைப் பல சேர்வர்களாகப் பிரித்து ஓட்டும் வேர்ச்சுவல் முறையை நான் சொல்லப்போய் வந்தவை. கேட்பவர் மாறுவார், சந்தேகம் மாறாது. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து வரிசையாக வாசியுங்கள். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

முதல்ல, மீடியா சேர்வர்னா என்னங்க? எங்க வீட்டுல அது இருக்கா இல்லையான்னே தெரியல.

வீட்டிலுள்ள படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, டி.வி.யிலும் போனிலும் பார்க்கத் தருகிற கம்ப்யூட்டர்தான் மீடியா சேர்வர். ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், எம்பி எல்லாம் அதற்கான மென்பொருள்கள். பெரிய பெட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி டி.வி.யில் பார்க்கிறீர்கள் என்றால், அதுவும் அந்த வேலைதான்.

இது யாரும் திட்டம் போட்டுச் சேர்ப்பதில்லை, தானாகச் சேர்கிறது. டி.வி.டி.யிலிருந்து எடுத்த கல்யாண வீடியோவும் மஞ்சள் நீராட்டு வீடியோவும் ஒரு பழைய டெஸ்க்டொப்பில் இருக்கும். அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த லாப்டொப்பில் ப்ளெக்ஸ் ஓடும். பாட்டுக்கென்று தம்பி தனியாக ஒன்று வைத்திருப்பார். தோட்டத்துக் காமன் கூத்தும் கோயில் தேரும் இன்னொரு டிஸ்க்கில். எது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. என்னைக் கேட்டால், கரண்ட் பில்லைவிட இதுதான் ஒன்றாக்குவதற்கு முக்கியமான காரணம்.

மூணையும் ஒண்ணாக்கினா கரண்ட் பில்லு உண்மையிலேயே குறையுமா அண்ணே?

குறையும். சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டொப் மூன்று இரவு பகலாக ஓடினால் 120 வாட். ஒரு நாளைக்கு 2.88 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 86 யூனிட். அதே வேலையை இரண்டு டிஸ்க் உள்ள ஒரே மெஷின் 40 வாட்டில் செய்தால் மாதம் 29 யூனிட். மிச்சம் 57.

நம் நாட்டுக் கட்டண முறையில் இந்த 57 யூனிட்டின் பெறுமதி அதிகம். மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. அதற்கு மேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை ஏறும், மாதாந்த நிலைக்கட்டணமும் ஏறும். வெட்டுவது எப்போதும் மேல் படியில் உள்ள, விலை கூடிய யூனிட்களைத்தான். கணக்குப் பார்க்கும்போது மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் 240 வாட், 300 வாட் என்ற எண்ணை எடுக்காதீர்கள். அது பவர் சப்ளை தரக்கூடிய உச்சம். ப்ளக்கில் மாட்டிப் பார்க்கும் சின்ன வாட் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கினால் உண்மை தெரிந்துவிடும்.

வேர்ச்சுவல் அது இதுன்னு சொல்றீங்க. ஒரே விண்டோஸ்ல மூணு சொஃப்ட்வெயரையும் போட்டா ஆகாதா?

போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் ஒன்றை அப்டேட் செய்யப் போய் இன்னொன்று நின்றுவிடும். பாட்டு சேர்வர் சிக்கிக்கொண்டதற்காக முழு மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கும், அந்த நேரம் பார்த்து வீட்டில் எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேர்ச்சுவல் முறையில் மெஷின் ஒன்றுதான். அதன் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் உட்கார்ந்து, ஒவ்வொரு சேர்வருக்கும் இவ்வளவு ரேம், இவ்வளவு டிஸ்க் என்று பிரித்துக் கொடுக்கும். லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒன்று, காம்பரா தனித்தனி, கதவும் தனித்தனி. ஒரு காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்க அடுத்த காம்பராக்காரர் சாமான் தூக்க வேண்டியதில்லை. இன்னொரு பெரிய வசதி ஸ்னப்ஷொட். அப்டேட்டுக்கு முன் இருந்த நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏதாவது கெட்டால் அதே நிலைக்குத் திரும்பிவிடலாம்.

எதைப் போடுறது? காசு கட்டணுமா?

என் தெரிவு ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2008 முதல் இருக்கிறது, திறந்த மூல மென்பொருள், காசு கட்டத் தேவையில்லை. நிறுவிய பிறகு அந்த மெஷினுக்கு மொனிட்டர், கீபோர்ட் எதுவும் வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அதன் ஐ.பி. விலாசத்தோடு 8006 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் எல்லாம் கைக்குள் இருக்கும். உள்ளே போகும்போதெல்லாம் உங்களுக்குச் சந்தா இல்லை என்று ஒரு அறிவிப்பு வரும். சரி என்று அமுக்கிவிட்டுப் போகலாம். முதல் அப்டேட்டில் பிழை வருவதும் அதே காரணத்தால்தான். அப்டேட்கள் வந்து இறங்கும் இடத்தைக் களஞ்சியம் என்பார்கள். சந்தாக்காரர்களுக்கான களஞ்சியத்தை முடக்கிவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கான களஞ்சியத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

வி.எம்.வெயர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற ஹைப்பர்வைசர் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் பிரோட்கொம் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். வீட்டு ஞாபகங்களை வைக்கிற இடம் இப்படி ஆடக்கூடாது என்பது என் கருத்து.

புதுசா மெஷின் வாங்கணுமா, இருக்கிறதுல நல்லதை வச்சுக்கலாமா?

இருப்பதில் ஒன்று இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால், கம்பெனிகள் கழித்துவிடும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகளைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். தலைமுறையைக் கண்டுபிடிப்பது லேசு. ஐ5-6500 என்றால் ஆறு, ஐ5-8500 என்றால் எட்டு. ஏழு என்று ஏன் கோடு போடுகிறேன் என்றால், எச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில் உள்ள 10 பிட் வீடியோவை, வீடியோ வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் குவிக் சிங்க் பகுதியே பிரிக்கத் தொடங்கியது அந்தத் தலைமுறையிலிருந்துதான். எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப்பில் கோர் நான்கிலிருந்து ஆறாகவும் கூடியது.

ரேம் 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி, 8 ஜி.பி.யிலும் சமாளிக்கலாம். சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்.எஸ்.டி., வீடியோவுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அளவு மினி மெஷின்களில் 3.5 அங்குல டிஸ்க் வைக்க இடமே இல்லை, அதைத் திறந்து பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், மெஷின் கிளம்பும்போது திறக்கிற பயாஸ் அமைப்புத் திரையில் போய் வேர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் வேர்ச்சுவல் மெஷின் கிளம்பவே கிளம்பாது.

உள்ள போனா வி.எம்.னு ஒரு பட்டன், கன்டெய்னர்னு ஒரு பட்டன். எதை அமுக்குறது?

ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், பாட்டு சேர்வர் மூன்றுக்கும் கன்டெய்னர். வி.எம்., அதாவது வேர்ச்சுவல் மெஷின் என்றால் உள்ளே ஒரு முழு இயங்குதளமே தனியாக ஓடும். கன்டெய்னர், பிரதான மெஷினின் இயங்குதள மையமான கர்னலையே பகிர்ந்துகொள்வதால் ரேம் குறைவாகத் தின்னும், சில விநாடிகளில் எழும். விண்டோஸ் கட்டாயம் தேவைப்படுகிற வேலைக்கு மட்டும் வி.எம். போடுங்கள்.

ஜெல்லிஃபின் ஓடுது, ஆனா படம் நின்னு நின்னு வருது. மெஷின் பத்தலையா?

பெரும்பாலும் மெஷின் போதும், சிப்பிலுள்ள கிராஃபிக்ஸ் கன்டெய்னருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் டி.வி.க்குப் புரியாத வடிவில் வீடியோ இருந்தால் சேர்வர் அதைப் போகிற வழியில் மாற்றிக் கொடுக்க வேண்டும். இப்போதைய போன்கள் பல எடுக்கிற எச்.இ.வி.சி. வீடியோ, பழைய டி.வி. என்றால் இது தினமும் நடக்கும். ப்ரொசெசர் தனியாக அதைச் செய்தால் மூச்சு வாங்கும், குவிக் சிங்க் செய்தால் மெஷினுக்குத் தெரியவே தெரியாது.

கன்டெய்னருக்கு அந்தக் கிராஃபிக்ஸ் கருவியை ப்ராக்ஸ்மாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்து, ஜெல்லிஃபினின் பிளேபேக் பக்கத்தில் வன்பொருள் முடுக்கத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். கன்டெய்னர் எத்தனை இருந்தாலும் ஒரே கிராஃபிக்ஸைப் பகிர்ந்து பாவிக்கும். வி.எம்.முக்குக் கொடுத்தால் அந்த ஒன்று மட்டுமே அதைப் பிடித்துக்கொள்ளும். போன பதிலில் கன்டெய்னர் என்று அழுத்திச் சொன்னதற்கு இதுவும் காரணம். ப்ளெக்ஸில் இந்த வசதிக்குக் காசு கட்டிப் ப்ளெக்ஸ் பாஸ் எடுக்க வேண்டும். 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து பிரிந்து வந்த ஜெல்லிஃபினில் எல்லாமே இலவசம்.

பழைய மெஷின்ல இருக்கிற டிஸ்க்கை கழட்டி அப்படியே மாட்டிடலாமா?

மாட்டலாம், வாசிக்கவும் செய்யும். ஆனால் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பிலேயே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். லினக்ஸின் கோப்பு உரிமைகள் அதில் ஒழுங்காக நிற்காது. புது டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில் தயார்செய்து, பழையதிலிருந்து நகல் எடுங்கள். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் எடுத்தால், நடுவில் கரண்ட் போனாலும் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடரும். நமக்கு அதுதான் வேண்டும்.

நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 2 டி.பி. என்றால் இரண்டு டிஸ்க்கும் ஒரே மெஷினில் இருக்கையில் ஐந்தாறு மணித்தியாலம். பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக என்றால் பதினாறு மணித்தியாலம் பிடிக்கும். ரவுட்டர் வழியாக அனுப்பினால் இன்னொரு சிக்கல்: பல 4ஜி ரவுட்டர்களின் லேன் துளை 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே, இரண்டு நாள் போய்விடும். முடிந்ததும், கோப்புகளின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் தெரிவோடு ஆர்சிங்கை இன்னொரு முறை ஓட விட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அது முடியும் வரை பழைய டிஸ்க்கை யாரும் ஃபோர்மட் பண்ண வேண்டாம். முடிந்த பிறகும் வேண்டாம், அந்த டிஸ்க்குக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

போல்டர் தெரியுது சேர், உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாம் அழிஞ்சு போச்சா?

அழியவில்லை, பதறாதீர்கள். பாதுகாப்புக்காகக் கன்டெய்னருக்குள் இருக்கும் பாவனையாளர் எண்களை ப்ராக்ஸ்மாக்ஸ் 100,000 கூட்டித்தான் வெளியே காட்டும். உள்ளே 1000 என்ற எண்ணில் இருப்பவர் வெளியே 101000. டிஸ்க்கிலுள்ள கோப்புகளோ வெளியே 1000 பெயரில் இருக்கின்றன. அதனால் கன்டெய்னர் அவருக்கு உரிமை இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. கோப்புகளின் உரிமையை 101000க்கு மாற்றினால் எல்லாம் வந்துவிடும். பார்க்க மட்டும் போதுமென்றால், எல்லாரும் வாசிக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்தாலே போதும்.

எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சா, அது செத்தா எல்லாமே போயிடுமே?

போய்விடும். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரேயொரு பதிலை வாசிப்பதானால் இதை வாசியுங்கள். மெஷினை ஒன்றாக்கலாம், பிரதியை ஒன்றாக்கக் கூடாது. முன்பு மூன்று மெஷினில் சிதறிக் கிடந்ததால், ஒன்று போனாலும் இரண்டு தப்பியது. ஒன்றாக்கிய நாளிலிருந்து அந்தத் தற்செயல் பாதுகாப்பு இல்லை. ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் பிரதி, பிறகுதான் ஒன்றாக்கல். மேலே ஃபோர்மட் பண்ண வேண்டாம் என்ற பழைய டிஸ்க் இதற்குத்தான். சத்தமும் சுணக்கமும் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து, இரண்டாவது பிரதியாக வையுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸிலேயே பெக்கப் வசதி இருக்கிறது, இரவு நேரத்துக்கு அட்டவணை போட்டுவிடலாம். ஆனால் கவனம்: கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் வீடியோ போல்டரை உள்ளே இணைத்துக் கொடுத்திருந்தால், அந்தப் போல்டர் இந்தப் பெக்கப்பில் சேராது. பெக்கப் வெற்றி என்று பச்சையில் காட்டும், உள்ளே ஜெல்லிஃபினின் அமைப்புகள் இருக்கும், கல்யாண வீடியோ இருக்காது. வீடியோவுக்குத் தனியாக ஆர்சிங்க் போட வேண்டும். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு வீடியோவை அந்தப் பிரதியிலிருந்து திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். அடுத்த காம்பராவிலோ அடுத்த வீட்டிலோ வைத்தால் போதாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தில் எத்தனை இடங்களைச் சரித்தது என்று நமக்குத் தெரியும். உயிர்தான் முதலில், அதில் பேச்சில்லை. ஆனால் எல்லாம் முடிந்து திரும்பிப் பார்க்கிறவருக்கு, போய்விட்ட அம்மாவின் குரல் இருக்கிற ஒரே வீடியோ எவ்வளவு பெரியது! கொழும்பிலோ வவுனியாவிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் வரும்போது கொண்டுவரச் சொல்லிப் புதிதாக்கிக் கொடுத்து அனுப்புங்கள். பணம் அதிகம் வேண்டாம், பழக்கம்தான் வேண்டும்.

ரெய்ட் போட்டா பெக்கப் வேணாம்தானே?

வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதிவைக்கும் ரெய்ட், ஒரு டிஸ்க் செத்தாலும் சேர்வரை ஓடவைக்கும், அவ்வளவுதான். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும், இடி விழுந்தால் இரண்டும் போகும். இரண்டு டிஸ்க் வாங்கக் காசு இருந்தால், ஒன்றை உள்ளே மாட்டி மற்றதைப் பிரதிக்கு வையுங்கள் என்பேன்.

அடிக்கடி கரண்ட் போகுது, இடி வேற. இதெல்லாம் தாங்குமா?

யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 40 வாட் மெஷினுக்கு 650 வி.ஏ. யூ.பி.எஸ். தாராளம். வாங்கும்போது பின்னால் யூ.எஸ்.பி. துளை இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால்தான் பெட்டரி இறங்குவதை மெஷினுக்குச் சொல்ல முடியும். நட் என்ற இலவச மென்பொருள் அதைக் கேட்டு, எல்லாக் கன்டெய்னரையும் ஒழுங்காக நிறுத்தி மெஷினை அணைக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் தானாக எழும்ப பயாஸில் ஒரு தெரிவு இருக்கிறது. கோப்புகளைக் கொடுக்கும் கன்டெய்னர் முதலில், ஒரு நிமிடம் கழித்து ஜெல்லிஃபின் என்று எழும்பும் வரிசையையும் ப்ராக்ஸ்மாக்ஸில் வைக்கலாம்.

இடி வேறு விஷயம், அதை யூ.பி.எஸ். தாங்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் கட்டும் இடிமழைதான் நம் பக்கம் ஆபத்து. அது கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. டெலிபோன் வயர் வழியாக ரவுட்டருக்கும், டிஷ் கேபிள் வழியாக டி.வி.க்கும், அங்கிருந்து லேன் வயரில் சேர்வருக்கும் வரும். ஃபைபர் இழை மின்னைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டியின் ப்ளக் கடத்தும். இருட்டிக்கொண்டு வந்தால் மெஷினை முறையாக அணைத்து, ப்ளக்கையும் லேன் வயரையும் கழற்றிவிடுவதைவிட நல்ல வழி இல்லை.

நுவரெலியா குளிருக்கும் பனிக்கும் மெஷின் கெடாதா?

குளிர் நல்லது, டிஸ்க் சூடாகாது. ஈரம்தான் கெடுதி. ஓடிக்கொண்டே இருக்கும் மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும், வாரக்கணக்கில் அணைத்து வைத்த மெஷினில்தான் ஈரம் தங்கும். ஜன்னலோரமும் வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம், விறகடுப்புப் புகை வரும் இடமும் வேண்டாம். பிரதி டிஸ்க்கை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

பழைய வி.எச்.எஸ். கசட் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். கசட்டின் சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் நாடா அறுந்துபோகலாம், அடுத்துப் போடும் கசட்டுக்கும் அது தொற்றும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ரவுட்டர் முன் அறையில, மெஷின் பின்னால. வைஃபைல ஓட்டலாமா?

இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வலையமைப்பில் தனி அடையாள எண் இருக்கும். வைஃபை ரவுட்டரோ, இணைந்த கருவி ஒன்றுக்கு ஒரே எண்ணைத்தான் ஏற்கும். அதனால் ப்ராக்ஸ்மாக்ஸ் மட்டும் தெரியும், உள்ளே இருப்பவை வெளியே வராது. லேன் வயர் இழுங்கள். கூரை ஓரமாகக் கொண்டுபோனால் பார்வைக்கும் தெரியாது. அப்படியே ரவுட்டரில் சேர்வருக்கு மாறாத ஐ.பி. விலாசம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் டி.வி.யில் சேர்வரைக் காணோம் என்ற முறைப்பாடும் நிற்கும்.

மகள் குவைத்ல இருக்கா. அவ அங்க இருந்து பார்க்க முடியுமா?

முடியும். 4ஜி ரவுட்டர் என்றால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை, ஒரே பொது விலாசத்தைப் பலர் பங்கிடுகிறார்கள். வெவ்வேறு இடங்களில் உள்ள உங்கள் கருவிகளை இணையம் வழியாக ஒரே தனி வலையமைப்பாக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் அந்தத் தடை பெரும்பாலும் தீரும், சொந்தப் பாவனைக்கு இலவசம். கன்டெய்னரில் போட்டால் டன் என்ற வலைக்கருவியை அதற்குத் திறந்துவிட வேண்டும். ப்ளெக்ஸில் வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பது 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து கட்டண வசதியாகிவிட்டது. எதைச் செய்தாலும் ப்ராக்ஸ்மாக்ஸின் 8006 பக்கத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

டேட்டாவையும் பாருங்கள். 3 எம்.பி.பி.எஸ். தரத்தில் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் உங்கள் வீட்டிலிருந்து 2.7 ஜி.பி. ஏறும். ஏறுகிற டேட்டாவும் பொதுவாகப் பெக்கேஜ் கணக்கில்தான் போகும். ஜெல்லிஃபினில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேக எல்லை வைக்கலாம். மகள் தன் தம்பியின் கல்யாண வீடியோவைப் பார்ப்பதற்கு 2 எம்.பி.பி.எஸ். போதும்.

அப்ப ரவுட்டர் வேலை, கெமரா ரெக்கோர்டிங் எல்லாத்தையும் இதுக்குள்ளயே போட்டுடலாமா?

ரவுட்டரை வேண்டாம். சேர்வரை அணைக்கிற ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே இன்டர்நெட் இருக்காது, ஒன்லைன் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கும் இருக்காது. கெமரா ரெக்கோர்டிங் இரவு பகலாக டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும், அதற்கு வேறு டிஸ்க் இருந்தால் மட்டும் சேருங்கள். வீட்டில் மொத்தமே ஒரு லாப்டொப்பும் ஒரு டிஸ்க்கும்தான் என்றால் வேர்ச்சுவல் எதுவும் வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

நான் கொழும்புல வேலை. வீட்டுல அம்மா அப்பா மட்டும்தான். ஏதாவது ஆனா என்ன செய்றது?

டெயில்ஸ்கேலை ப்ராக்ஸ்மாக்ஸ் மெஷினிலும் போட்டுவையுங்கள், கொழும்பிலிருந்தே பெரும்பாலான வேலை முடியும். கையால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்: எந்த பட்டனை ஒரு தடவை மட்டும் அமுக்குவது, எந்த விளக்கு எரிய வேண்டும், இடி வந்தால் எந்த இரண்டு வயரைக் கழற்றுவது. கழற்ற வேண்டிய வயர்களில் சிவப்பு டேப் சுற்றுங்கள். பாஸ்வேர்ட்களை இன்னொரு தாளில் எழுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் ஃபைலுக்குள் போடுங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, நீங்கள் தொடாமல் அப்பாவையே ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.